புகுந்த வீட்டுக் கணக்கு

2012 கோடையில் மேரிலாந்துப் பல்கலைக்கழகம் தன்னுடைய ஏழு விளையாட்டு அணிகளைக் கலைத்தது. ஆண்கள் நீச்சல், பெண்கள் நீச்சல், ஆண்கள் டென்னிஸ், பெண்கள் வாட்டர் போலோ என்று போகிறது பட்டியல். விளையாட்டுத் துறையின் பெட்டி காலி என்பதுதான் காரணம். அதே ஆண்டு நவம்பர் 19ஆம் தேதி இன்னொரு அறிவிப்பு வந்தது. 1953இல் தானும் சேர்ந்து தொடங்கிய அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸை விட்டு விலகி, பிக் டென் கான்ஃபரன்ஸில் சேரப்போகிறது மேரிலாந்து. விலகுவதற்கான அபராதம் 5 கோடியே 22 லட்சம் டாலர்.

நீச்சல் அணிக்குச் செலவழிக்க வழியில்லாத வீடு ஐந்து கோடி டாலர் அபராதத்துக்குத் துணிகிறது என்றால், புகப்போகும் வீடு எவ்வளவு வசதியானது என்று ஊகித்துக்கொள்ளலாம். நம் ஊரில் இதற்குப் பெரிய இடத்துச் சம்பந்தம் என்று பெயர். அந்தச் சம்பந்தத்தின் பத்தாண்டுக்கும் மேலான வரவு செலவு இப்போது நம் முன் இருக்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் அடுத்த சுற்றுச் சம்பந்தம் பேசப்போகும் காலமும் நெருங்கிவிட்டது. ஏறக்குறைய 2030. அதற்குள் இந்தப் பேரேட்டை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட வேண்டும்.

கான்ஃபரன்ஸ் என்றதும் மாநாடு நினைவுக்கு வந்தால் அதை மறந்துவிடுங்கள். பல்கலைக்கழகங்கள் கூட்டாகச் சேர்ந்து, ஆட்ட அட்டவணை போட்டு, ஒளிபரப்பு உரிமையை மொத்தமாக விற்று, வந்த பணத்தைப் பங்கு பிரித்துக்கொள்ளும் சங்கம் அது. ஆரம்பத்தில் பக்கத்து ஊர்க்காரர்களின் ஏற்பாடாகத்தான் இருந்தது. 1896இல் நடுமேற்கு மாநிலங்களின் ஏழு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து தொடங்கியதுதான் பிக் டென். ரயிலில் போய் ஆடிவிட்டு ரயிலில் திரும்பிவிடும் தூரம். இன்று அந்தப் பத்தில் 18 பேர் இருக்கிறார்கள். பிக் 12இல் 16 பேர். அட்லாண்டிக் கரையின் பெயரைத் தாங்கிய கான்ஃபரன்ஸில் பசிபிக் கரையின் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் உட்கார்ந்திருக்கின்றன. கணக்கும் புவியியலும் சொல்லித்தர வேண்டிய நிறுவனங்கள் இவை என்பதை ஒருமுறை நினைவூட்டிவிட்டுக் கடந்து போகிறேன்.

பக்கத்து ஊர் ஏற்பாடு குலைந்த நாளைத் தேதியோடு சொல்ல முடியும். 1984 ஜூன் 27. அதுவரை எந்தக் கால்பந்து ஆட்டம் தொலைக்காட்சியில் வரலாம், எத்தனை முறை வரலாம் என்பதையெல்லாம் கல்லூரி விளையாட்டுகளின் தேசிய அமைப்பான என்.சி.ஏ.ஏ. தான் தீர்மானித்து வந்தது. (கால்பந்து என்று நான் எழுதுவதெல்லாம் தலைக்கவசம் போட்டு, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஆட்டத்தை.) அந்தக் கட்டுப்பாடு சட்ட விரோதம் என்று உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. மாறுபட்டு எழுதிய நீதிபதி பைரன் வைட். கொலராடோ பல்கலைக்கழகத்துக்காகக் கால்பந்து ஆடி நாடறிந்தவர், பிறகு தொழில்முறை ஆட்டக்காரராகவும் இருந்தவர். கல்லூரி விளையாட்டை வெறும் வணிகமாக மட்டும் பார்த்து இந்தத் தீர்ப்பை எழுதக்கூடாது என்பது அவர் கட்சி. அந்த அமர்வில் மைதானத்தின் மண்ணை மிதித்தவர் தோற்ற பக்கத்தில் இருந்தார் என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு.

தீர்ப்புக்குப் பிறகு உரிமை கான்ஃபரன்ஸ்களின் கைக்குப் போனது. அதிகம் பேர் பார்க்கும் ஆட்டங்களை வைத்திருப்பவர்களுக்கு அதிகப் பணம். ஆக, கான்ஃபரன்ஸ் மாறுவது கூலியை உயர்த்திக்கொள்ளும் வழியாகிவிட்டது.

மேரிலாந்தை பிக் டென் ஏன் அழைத்தது? அதன் கால்பந்து அணியின் திறமைக்காக என்று மேரிலாந்துக்காரர்களே சொல்லமாட்டார்கள். 2007இல் பிக் டென் தனக்கென்று ஒரு கேபிள் சேனலைத் தொடங்கியிருந்தது. உறுப்பினர் பல்கலைக்கழகம் இருக்கும் பகுதியில் கேபிள் இணைப்பு வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மாதாமாதம் அந்தச் சேனலுக்கு ஒரு தொகை போகும். வீட்டுக்காரர் ஆட்டம் பார்த்தாலும் போகும், பார்க்காவிட்டாலும் போகும். மேரிலாந்து வந்தால் வாஷிங்டன், பால்டிமோர் வீடுகள். கூடவே அழைக்கப்பட்ட ரட்கர்ஸ் வந்தால் நியூ ஜெர்சியும் நியூயார்க்கும். அன்றைய ஆணையர் ஜிம் டெலனி போட்ட கணக்கு இதுதான். கணக்கு அன்றைக்குச் சரி. ஆனால் இந்த இரண்டு பல்கலைக்கழகங்களும் கான்ஃபரன்ஸுக்குள் நுழைந்த பிறகு அமெரிக்க வீடுகள் கேபிள் இணைப்பை அறுத்துக்கொண்டு இணையத்துக்குப் போவது வேகமெடுத்தது. எதற்காக மணமகளைத் தேர்ந்தெடுத்தார்களோ அந்த நிலத்தின் விலை இறங்கியது. பிக் டென்னுக்குப் பெரிய நஷ்டமில்லை, அதற்கு மிச்சிகனும் ஒஹாயோ ஸ்டேட்டும் இருக்கின்றன. வந்தவர்கள் நிலைதான் சங்கடம்.

மேரிலாந்தின் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். 2012 மே மாதம் அட்லாண்டிக் கோஸ்ட் செய்துகொண்ட ஒளிபரப்பு ஒப்பந்தத்தில் உறுப்பினருக்குச் சராசரியாக ஆண்டுக்கு 1 கோடியே 71 லட்சம் டாலர் வரவிருந்தது. பிக் டென் பங்கு அப்போதே சுமார் 2 கோடியே 40 லட்சம், இன்னும் ஏறும் என்ற நிச்சயமும் இருந்தது. இன்று ஏறியும்விட்டது: 2023-24 நிதியாண்டில் மூத்த உறுப்பினர்களுக்கு ஆளுக்கு 6 கோடி டாலருக்கு மேல். கடனில் இருந்த விளையாட்டுத் துறைக்கு இதைவிட எளிதான கூட்டல் கழித்தல் கிடையாது. பல்கலைக்கழகத் தலைவர் வாலஸ் லோவும் ஆட்சிக்குழுவும் மூடிய அறைக்குள் பேசி முடித்தார்கள். மாணவர்களும் பழைய மாணவர்களும் செய்தித்தாளைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள்.

வெளியேறும் அபராதம் வழக்காகி, 2014 ஆகஸ்டில் சமரசமானது. அட்லாண்டிக் கோஸ்ட் ஏற்கெனவே பிடித்து வைத்திருந்த 3 கோடியே 13 லட்சம் டாலரை அதுவே வைத்துக்கொண்டது. புதிய வீட்டிலோ முழுப் பங்கு உடனே கிடைக்கவில்லை. புதிதாக வருபவர் சில ஆண்டுகள் குறைந்த பங்கு வாங்கிப் பொறுத்திருக்க வேண்டும் என்பது அங்குள்ள வழக்கம். இடைப்பட்ட காலத்துக்கு, வரப்போகும் பங்கின் பேரில் முன்பணம் வாங்கிக்கொள்ளலாம். மேரிலாந்தும் ரட்கர்ஸும் வாங்கின. சம்பளத்துக்கு முன்பே அட்வான்ஸ் வாங்கிப் பழகியவர்களுக்கு மாதக் கடைசி எப்படியிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

வரவு அப்படி. செலவுப் பக்கத்தில் ஒரு கட்டடத்தை மட்டும் பார்க்கலாம். மேரிலாந்தின் காலேஜ் பார்க் வளாகத்தில் கோல் ஃபீல்டு ஹவுஸ் என்றொரு பழைய கூடைப்பந்து அரங்கம். 1966இல் ஐந்து கறுப்பின வீரர்களை முதல் வரிசையில் இறக்கிய டெக்சாஸ் வெஸ்டர்ன் அணி, வெள்ளையர் மட்டுமே கொண்ட கென்டக்கியை இறுதியாட்டத்தில் வீழ்த்தியது அங்கேதான். அமெரிக்க விளையாட்டு வரலாற்றில் அந்த இரவுக்குத் தனி அத்தியாயம் உண்டு. பிக் டென்னில் சேர்ந்த சில மாதங்களிலேயே, 2014 நவம்பரில், அந்த அரங்கத்தைக் குடைந்து கால்பந்து அணிக்கான கூரையிட்ட பயிற்சித் திடலாக மாற்றும் திட்டத்தைப் பல்கலைக்கழகம் அறிவித்தது. மதிப்பீடு 15 கோடியே 50 லட்சம் டாலர். அண்டர் ஆர்மர் நிறுவனத்தைத் தொடங்கிய கெவின் பிளாங்க் அதில் இரண்டரைக் கோடி கொடுத்தார். கட்டடத்துக்குள் மருத்துவ ஆராய்ச்சிக்கும் இடம் உண்டு என்றார்கள், உண்மைதான். ஆனாலும் நடுக்கூடம் கால்பந்துக்கு.

கட்டியது ஊதாரித்தனமா என்றால், அந்த வீட்டின் வழக்கப்படி இல்லை. பெரிய இடத்தில் சம்பந்தம் செய்தவர் அடுத்த விசேஷத்துக்குப் பழைய புடவையோடு போக முடியாது. மிச்சிகன் அரங்கத்தில் 1,07,601 இருக்கைகள். ஒஹாயோ ஸ்டேட்டின் பயிற்சி வசதிகளைப் பார்த்துவிட்டு வரும் பதினேழு வயதுப் பையனிடம் மேரிலாந்து எதைக் காட்டும்? ஆகவே கட்ட வேண்டும், பயிற்சியாளர் சம்பளத்தை ஏற்ற வேண்டும், துணைப் பயிற்சியாளர்களைக் கூட்ட வேண்டும். கூடுதலாக வந்த பணம் கையில் தங்குவதற்கு முன்பே அதற்குச் செலவு காத்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதே பணம் வருகிறது என்பதால் இடைவெளியும் குறைவதில்லை. கால்பந்து என்ற யானையைக் கட்டித் தீனி போடுகிறவர்கள் எல்லோரும் ஒரே சந்தையில் கரும்பு வாங்குகிறார்கள். பணம் பெருகப் பெருகக் கரும்பின் விலைதான் ஏறுகிறது.

பலன்? 2014 முதல் 2024 வரை பதினோரு பருவங்களில், கான்ஃபரன்ஸுக்குள் தோற்றதைவிட அதிகம் வென்ற பருவம் மேரிலாந்து கால்பந்து அணிக்கு ஒன்றுகூட இல்லை. முதல் ஆண்டு நான்குக்கு நான்கு, அதுதான் உச்சம். வெளி அணிகளோடு மோதும் ஆண்டிறுதி ஆட்டங்களில் 2021, 2022, 2023 மூன்றிலும் வென்றது. ஆகவே அணி மோசமில்லை, அக்கம்பக்கம்தான் பொருந்தவில்லை. லக்ராஸ் ஆட்டத்தில் கதையே வேறு. பிக் டென்னில் 2014-15இல் ஆண்கள் லக்ராஸ் தனிப்பிரிவு தொடங்கியதே மேரிலாந்தின் வரவோடுதான். 2017இல் தேசியப் பட்டம், 2022இல் 18 ஆட்டத்திலும் தோல்வியே இல்லாமல் இன்னொரு பட்டம். பணம் கொண்டுவராத ஆட்டம் என்பதால் இதை யாரும் கான்ஃபரன்ஸ் மாற்றத்தின் வெற்றியாக எழுதுவதில்லை. நான் எழுதுவேன். 2012இல் கலைத்த நீச்சல் அணிகள் மட்டும் இன்றுவரை திரும்பவில்லை.

இனி ரட்கர்ஸ். நியூ ஜெர்சியின் எடிசன், பிஸ்கட்டவே பக்கம் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். அவர்கள் பிள்ளைகளுக்கு இது உள்ளூர்ப் பல்கலைக்கழகம், கால்பந்து அரங்கம் பிஸ்கட்டவேயிலேயே இருக்கிறது. கல்லூரிக் கால்பந்தின் முதல் ஆட்டம் என்று சொல்லப்படுவது 1869 நவம்பர் 6 அன்று நடந்தது. பிரின்ஸ்டனை 6-4 என்று வென்ற அணி ரட்கர்ஸ். அந்தப் பெருமையோடு பிக் டென்னுக்குப் போனவர்கள் 2016 அக்டோபர் 8 அன்று சொந்த மைதானத்தில் மிச்சிகனிடம் 78-0 என்று தோற்றார்கள். ஒரு வாரம் முன்புதான் ஒஹாயோ ஸ்டேட்டிடம் 58-0. 2016, 2018, 2019 ஆகிய மூன்று பருவங்களில் கான்ஃபரன்ஸ் ஆட்டம் ஒன்பதிலும் தோல்வி. பயிற்சியாளர்களை மாற்றினார்கள். 2019 டிசம்பரில் பழைய பயிற்சியாளர் கிரெக் ஷியானோவை எட்டு ஆண்டுக்கு 3 கோடியே 20 லட்சம் டாலர் என்று பேசித் திரும்ப அழைத்தார்கள். அணி மெல்ல நிமிர்ந்தது. ஆனால் பெருந்தொற்று ஆண்டான 2020-21இல் விளையாட்டுத் துறையின் பற்றாக்குறை 7 கோடியே 30 லட்சம் டாலர். பெருந்தொற்றைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் அந்தத் துறை தன் காலில் நின்ற ஆண்டைத் தேட வேண்டியிருக்கிறது. பற்றாக்குறையைப் பல்கலைக்கழகப் பொது நிதியும் மாணவர் கட்டணமும் தாங்குகின்றன. கணினி அறிவியல் படிக்கப் போன பிள்ளையின் கட்டணச் சீட்டிலும் அந்த யானையின் தீனிக்கு ஒரு பிடி இருக்கிறது. பெற்றோர் யாரும் அந்த வரியைக் கண்டு கேள்வி கேட்டதாக எனக்குத் தெரியவில்லை.

பணத்தால் நொடிக்காமலும் ஒரு பல்கலைக்கழகம் புகுந்த வீட்டில் அந்நியமாக இருக்க முடியும். அதற்கு நெப்ராஸ்கா. இது கடன்காரரின் கதை அல்ல. 1970, 1971, 1994, 1995, 1997 என்று ஐந்து தேசியப் பட்டங்கள். 1962 முதல் சொந்த மைதானத்தில் டிக்கெட் மிஞ்சியதே இல்லை என்ற சாதனை. பிக் 12இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கை ஓங்குவது பிடிக்காமல் 2011இல் பிக் டென்னுக்கு வந்தார்கள். தானாக விரும்பி, தலை நிமிர்ந்து.

வரும் வழியிலேயே ஒரு சறுக்கல். பிக் டென் உறுப்பினர்கள் எல்லோரும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சங்கம் என்ற ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்களின் குழுவில் இருந்தார்கள். படிப்பிலும் நாங்கள் ஒரே தரம் என்று சொல்லிக்கொள்ள அது அடையாளம். நெப்ராஸ்கா உள்ளே காலெடுத்து வைக்கும் சில வாரங்களுக்கு முன்னால், 2011 ஏப்ரலில், அந்தச் சங்கம் நெப்ராஸ்காவை வாக்கெடுத்து வெளியேற்றியது. மைதானத்தில் நடந்தது இன்னும் கசப்பு. 2012 கான்ஃபரன்ஸ் இறுதியாட்டத்தில் விஸ்கான்சினிடம் 70-31. ஆண்டுதோறும் ஒன்பது, பத்து ஆட்டம் வென்று கொடுத்த பயிற்சியாளர் போ பெலினியை, இது போதாது என்று 2014இல் அனுப்பினார்கள். அதற்குப் பிறகு வந்தவர்கள் அந்த ஒன்பதைக் கண்ணால் பார்த்தது அபூர்வம். 2017 முதல் 2023 வரை ஏழு பருவம் தொடர்ந்து ஆண்டிறுதி ஆட்டத்துக்கே தகுதியில்லை. மாநிலத்தின் செல்லப்பிள்ளையான ஸ்காட் ஃப்ராஸ்டைப் பயிற்சியாளராக்கி, 2022இல் நீக்கியபோது ஒன்றரைக் கோடி டாலர் கொடுத்தனுப்பினார்கள்.

எல்லாப் பழியையும் கான்ஃபரன்ஸ் மீது போடுவது நேர்மையல்ல. நெப்ராஸ்கா கடைசியாகக் கான்ஃபரன்ஸ் பட்டம் வென்றது 1999இல், அப்போது பிக் 12இல் இருந்தது. சரிவு அங்கேயே தொடங்கிவிட்டது. பரம வைரியான ஓக்லஹோமாவோடு ஆண்டுதோறும் மோதும் வழக்கமும் 1996இல் பிக் 12 உருவானபோதே அறுந்துபோனது. ஆனால் பெயர்ந்ததால் இழந்த ஒன்று உண்டு: ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை டெக்சாஸ் மண்ணில் ஆடும் வாய்ப்பு. நெப்ராஸ்கா ஆட்கள் குறைந்த மாநிலம், ஆட்டக்காரர்களை வெளியிலிருந்துதான் கொண்டுவர வேண்டும். டெக்சாஸ் பையனுக்கு, உன் அம்மா வந்து பார்க்கும் தூரத்தில் நாங்கள் ஆடுவோம் என்று இனிச் சொல்ல முடியாது. ஒளிபரப்பு ஒப்பந்தத்தின் எந்தப் பத்தியிலும் இந்த நஷ்டத்துக்கு விலை போட்டிருக்கமாட்டார்கள்.

தூரம் என்பதை அளவெடுத்துப் பார்க்க ஒருவர் கலிஃபோர்னியாவுக்குப் போக வேண்டும். லாஸ் ஏஞ்சலஸின் யு.சி.எல்.ஏ. 2022 ஜூன் 30 அன்று பிக் டென்னுக்கு மாறப்போவதாக அறிவித்தது. அதன் விளையாட்டுத் துறையும் பற்றாக்குறையில் மூழ்கியிருந்தது. மாறுவதற்கு முந்தைய ஆறு நிதியாண்டுகளைக் கூட்டினால் 21 கோடியே 95 லட்சம் டாலர். மேரிலாந்தை நினைத்துக்கொள்ளுங்கள். வசதி பெருகி வீடு மாறுகிறவர்கள் சிலரே. கடன்காரர் தொல்லையால் மாறுகிறவர்களே அதிகம், அதனால்தான் அவசரமும் அதிகம்.

யு.சி.எல்.ஏ.யும் பெர்க்லியும் ஒரே அரசுப் பல்கலைக்கழக அமைப்பின் பிள்ளைகள். 1915இல் பசிபிக் கரைப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து தொடங்கிய கான்ஃபரன்ஸின் நிறுவனர்களில் பெர்க்லியும் ஒன்று. தம்பி போய்விட்டால் அண்ணனின் வருமானம் விழும் என்பதால் ஆட்சிக்குழு 2022 டிசம்பரில் நிபந்தனையோடு அனுமதித்தது: யு.சி.எல்.ஏ. பெர்க்லிக்கு ஈடு கட்ட வேண்டும். பிறகு அந்தத் தொகை ஆண்டுக்கு 1 கோடி டாலர், மூன்று ஆண்டுகளுக்கு என்று முடிவானது. கூடுதல் பயணம், உணவு, படிப்புத் துணை, மனநல உதவி ஆகியவற்றுக்கு ஆண்டுக்கு இன்னொரு 1 கோடி அளவில் ஆகும் என்று பல்கலைக்கழகமே கணித்தது. வரவில் இரண்டு கோடி அங்கேயே போயிற்று.

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து ரட்கர்ஸ் மைதானத்துக்கு ஏறக்குறைய 4,000 கிலோமீட்டர். மூன்று மணி நேர வித்தியாசம். கால்பந்து அணி ஆண்டுக்குப் பன்னிரண்டு ஆட்டம் ஆடும், வெளியூருக்குத் தனி விமானத்தில் போகும். கைப்பந்து, சாஃப்ட்பால், கூடைப்பந்து அணிகளுக்கு ஆட்டங்கள் பல மடங்கு. வார நடுவிலும் ஆட்டம் உண்டு. கிழக்குக் கரையில் இரவு எட்டு மணிக்கு ஆடிவிட்டு, விமானம் பிடித்து, விடியற்காலையில் இறங்கி, பத்து மணி வகுப்புக்குப் போக வேண்டியவள் பத்தொன்பது வயதுப் பெண். அவளுடைய ஆட்டத்தால் ஒளிபரப்பு ஒப்பந்தத்தின் தொகை ஒரு டாலர்கூட ஏறவில்லை. கால்பந்துக்காகப் போட்ட அட்டவணையின் தூரத்தை மட்டும் அவள் சுமக்கிறாள். கால்பந்தை மட்டும் பெயர்த்துக்கொண்டு போய், மற்ற ஆட்டங்களைப் பழைய அக்கம்பக்கத்தில் விட்டிருக்கலாமே என்று பலர் கேட்டார்கள். இன்றும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

யு.சி.எல்.ஏ.யின் அறிவிப்புக்குப் பிறகு, அது விட்டுப்போகும் பசிபிக் கான்ஃபரன்ஸ் ஓராண்டு தள்ளாடியது. 2023 ஆகஸ்ட் 4 அன்று ஒரே நாளில் ஐந்து பல்கலைக்கழகங்கள் வெளியேறின. ஆரெகனும் வாஷிங்டனும் பிக் டென்னுக்குப் போயின, அதுவும் மற்றவர்களின் பங்கில் ஏறக்குறைய பாதிக்கு ஒப்புக்கொண்டு. ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் ஏழு ஆண்டுக்கு முப்பது விழுக்காடு பங்கு போதும் என்று கண்டத்தின் அந்தக் கரைக்குப் போய்ச் சேர்ந்தன. டாலஸின் எஸ்.எம்.யு. ஒன்பது ஆண்டுக்கு ஒளிபரப்புப் பணமே வேண்டாம் என்று எழுதிக்கொடுத்து அதே அட்லாண்டிக் கோஸ்டுக்குள் நுழைந்தது. அவர்களால் முடியும்: டாலஸ் பணக்காரர்களான பழைய மாணவர்கள் ஒரே வாரத்தில் பத்துக் கோடி டாலர் திரட்டினார்கள். முதல் ஆண்டே தேசியப் பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்றுக்கும் போனார்கள். இப்படி ஒரு நல்ல உதாரணம் எப்போதும் கிடைக்கும், பார்த்துவிட்டு இன்னும் பத்துப் பேர் கிளம்புவார்கள். அந்தப் பத்துப் பேருக்கும் டாலஸ் பணக்காரர்கள் இருக்கமாட்டார்கள். 108 ஆண்டு வாழ்ந்த கான்ஃபரன்ஸில் கடைசியில் மிஞ்சியவை இரண்டு: வாஷிங்டன் ஸ்டேட், ஆரெகன் ஸ்டேட். இரண்டும் சிற்றூர்ப் பல்கலைக்கழகங்கள். அவர்கள் தவறாக எந்த முடிவும் எடுக்கவில்லை. வீட்டிலேயே இருந்தார்கள், அவ்வளவுதான்.

திரும்பி வரும் வழி இருக்கிறதா? ஒரு பல்கலைக்கழகம் வந்திருக்கிறது. கனெக்டிகட். 1979இல் பிக் ஈஸ்ட் கான்ஃபரன்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவர். கால்பந்து ஆசையில் கான்ஃபரன்ஸ்கள் உடைந்து சேர்ந்தபோது, தன் பழைய எதிரிகள் யாருமில்லாத அமெரிக்கன் கான்ஃபரன்ஸில் அது மாட்டிக்கொண்டது. பெண்கள் கூடைப்பந்து அணி அங்கே ஆடிய 139 கான்ஃபரன்ஸ் ஆட்டத்திலும் ஜெயித்தது. கேட்கப் பெருமைதான், ஆனால் தோற்கவே முடியாத ஆட்டத்துக்கு யார் டிக்கெட் எடுத்து வருவார்கள்? 2020இல் 1 கோடியே 70 லட்சம் டாலர் அபராதம் கட்டி, கால்பந்தைத் தனியாக அவிழ்த்துவிட்டு, பழைய வீட்டுக்குத் திரும்பினார்கள். ஆண்கள் கூடைப்பந்தில் 2023, 2024 தேசியப் பட்டங்கள், பெண்களுக்கு 2025இல். பற்றாக்குறை தீரவில்லை. திரும்பிய அதே ஆண்டு சில அணிகளையும் வெட்டினார்கள். ஆனால் யாரோடு ஆடுகிறோம் என்று ரசிகர்களுக்குத் தெரிகிறது, பேருந்தில் போய்ப் பார்க்கவும் முடிகிறது.

இதைவிடத் துணிந்த ஒருவரும் உண்டு. பிக் டென்னை நிறுவிய ஏழு பேரில் ஒன்றான சிகாகோ பல்கலைக்கழகம் 1939இல் கால்பந்தையே நிறுத்தி, 1946இல் கான்ஃபரன்ஸிலிருந்தும் வெளியேறியது. நாட்டின் சிறந்த கல்லூரிக் கால்பந்து வீரருக்கான ஹைஸ்மன் கோப்பையை 1935இல் முதன்முதலாக வென்றவர் அவர்கள் மாணவர். வெறுமையாகிப்போன அந்த மைதானத்தின் மேற்குப் படிவரிசைக்குக் கீழே, 1942 டிசம்பர் 2 அன்று, என்ரிக்கோ ஃபெர்மியின் குழு முதல் அணுத் தொடர்வினையை நிகழ்த்தியது. எல்லோரும் சிகாகோ ஆக முடியாது. ஆனாலும் வெளியேறினால் பல்கலைக்கழகமே அழிந்துவிடும் என்று மிரட்டுகிறவர்களுக்கு இதை நினைவூட்டலாம்.

இப்போது 2030க்கு வருவோம். ஃபாக்ஸ், சி.பி.எஸ்., என்.பி.சி. மூன்றோடும் பிக் டென் செய்துகொண்ட, 700 கோடி டாலரைத் தாண்டும் ஒப்பந்தம் 2029-30 பருவத்தோடு முடிகிறது. பிக் 12 ஒப்பந்தம் அதற்கடுத்த ஆண்டு. அட்லாண்டிக் கோஸ்டில் ஃப்ளோரிடா ஸ்டேட்டும் கிளெம்சனும் தொடுத்த வழக்குகள் 2025 மார்ச்சில் சமரசமானபோது, வெளியேறும் கட்டணம் 2025-26இல் 16 கோடியே 50 லட்சம் டாலரிலிருந்து ஆண்டுக்கு ஆண்டு இறங்கி 2030-31இல் 7 கோடியே 50 லட்சத்தில் நிற்கும் என்று எழுதிக்கொண்டார்கள். பூட்டு தளரும் தேதியும் வாங்குகிறவர் பையைத் திறக்கும் தேதியும் ஒன்றாக வந்து விழுகின்றன. தற்செயல் என்று நம்புவதற்கு நான் தயாராக இல்லை.

அதற்குள் செலவுப் பக்கத்தில் புதிதாக ஒரு வரி சேர்ந்துவிட்டது. 2025 ஜூன் 6 அன்று கலிஃபோர்னியாவில் கூட்டரசு நீதிபதி கிளாடியா வில்கன் ஏற்றுக்கொண்ட சமரசத்தின்படி, பல்கலைக்கழகங்கள் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். முதல் ஆண்டுக்கான உச்சவரம்பு 2 கோடியே 5 லட்சம் டாலர். நியாயமான கூலி, நெடுங்காலமாக மறுக்கப்பட்டது. ஆனால் பெரிய கான்ஃபரன்ஸில் உச்சவரம்பு என்பது சீக்கிரமே குறைந்தபட்சம் ஆகிவிடும், கொடுக்காதவருக்கு ஆள் கிடைக்கமாட்டார். மேரிலாந்து 2012இல் போட்ட கணக்கில் இந்த வரி இல்லை. அடுத்த ஆட்சிக்குழு மூடிய அறைக்குள் போடப்போகும் கணக்கில் இன்னும் எந்த வரி விடுபடும் என்று அந்த அறைக்கு வெளியே இருப்பவர்கள்தான் கேட்க வேண்டும்: பற்றாக்குறை வந்தால் எந்த நிதியிலிருந்து, மாணவர் கட்டணம் ஏறுமா, கால்பந்தை விட்டால் மற்ற அணிகள் எத்தனை கிலோமீட்டர் பறக்கும், முதலில் கலைக்கப்படும் அணி எது. கடைசிக் கேள்விக்கான விடை அநேகமாக எழுதப்பட்டே இருக்கும். மேரிலாந்தில் அது கலைப்புக்குப் பிறகு வந்த சம்பந்தம், வேறிடங்களில் வரிசை மாறலாம்.

2026 இலையுதிர் காலத்தில் ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தின் நீச்சல் அணியில் முதலாண்டு மாணவி ஒருத்தி சேருவாள். நான்காண்டுப் படிப்பு. அவளுடைய கடைசிப் பருவம் 2029-30.